வலது கை உன் பேரில்

திருப்புலிவனம்
14-6-2025

கர்த்தருக்குள் பிரியமான செங்கேணிக்கு (உனக்கு மாரியாத்தாளுக்குள் என்று வைத்துக்கொள், இரண்டு பேரும் சேர்ந்தால்தான் உன்னைச் சமாளிக்க முடியும்), பிரிஸ்கில்லா எழுதிக்கொள்வது.

போன் போட்டால் உன் மருமகள் எடுக்கிறாள். "அத்தை தூங்கறாங்க" என்கிறாள். காலையில் போட்டாலும் தூக்கம், விளக்கு வைக்கும் நேரத்தில் போட்டாலும் தூக்கம். பன்னிரண்டு நாளாக ஒருத்தி தூங்கினால் ஒன்று அவளுக்குப் பெரிய இடத்து வாழ்வு வந்திருக்க வேண்டும், இல்லை என்மேல் கோபம் இருக்க வேண்டும். உன் மகன் புருஷோத்தமனுக்கு ஒரகடத்துக் கம்பெனியில் என்ன சம்பளம் என்று எனக்குத் தெரியும். ஆகையால் கோபம்தான். அதனால் பழைய நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக நான் கடிதம் எழுதியது ஞானதாசுக்கு, கல்யாணத்துக்கு முன்னால். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

ஊர் சேதி கேள். நீ போனபின் நூறுநாள் வேலையில் ஆள் கணக்கு எடுக்க உன் இடத்தில் சசிரேகாதான் மேட். ஆஜர் போட்டோ எடுக்கிறேன் என்று போனைத் தூக்கினால் ஏரி விழுகிறது, வானம் விழுகிறது, ஆட்கள் விழுவதில்லை. போன செவ்வாய்க்கிழமை பதினெட்டு பேர் மண் வெட்டினோம். போட்டோவில் ஆஜரானது ஓர் எருமை மட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழாயடியில் நீ, "இடது கண்ணுல முடி மாதிரி ஒண்ணு தொங்கிக்கினே கீதுடி, எடுத்தா வரமாட்டேங்குது" என்றாய். நான், "பன்னு, தலையில கொட்டினது போதாதுன்னு கண்ணுக்குள்ளயும் முடி கொட்ட ஆரம்பிச்சிடுச்சா" என்றேன். ஏழு பொம்பளைகள் சிரித்தார்கள். நீ குடத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனாய். மறுநாள் உன் வூட்டில் பூட்டு.

நான் உன்னைக் கிண்டல் செய்வது புதிதா? இரண்டு வருஷமாகப் பன்னு என்றுதான் கூப்பிடுகிறேன். முகம் ஊதினபோது சிரித்தாய். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏரிக்கு வந்தபோது சிரித்தாய். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியே தூங்கினபோதும், குரல் கரகரத்துப்போய் போனில் எவனோ உன்னை "அண்ணே" என்று கூப்பிட்டபோதும், என்னைவிடச் சத்தமாகச் சிரித்தவள் நீ. இந்த ஒரு முடிக்கு மட்டும் என்ன வந்தது?

உன் குடம் என் வூட்டில் பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.

பிரிஸ்கில்லா


ஒரகடம்
25-6-2025

பிரிஸ்கில்லாவுக்கு செங்கேணி எழுதறது.

கோணலா எழுதுனா அதுக்கும் ஒரு பேரு வெப்ப. வெச்சிக்கோ.

அது முடி இல்ல. ரத்தம். கண்ணுக்கு உள்ள நரம்பு ஒடைஞ்சி ரத்தம் கசிஞ்சிருக்குது. முதல்ல முடி, அப்பறம் புகை, அப்பறம் செவப்பா ஒரு துணி போட்டு மூடுனாப்ல ஆயிடுச்சி. ஊர விட்டு வந்த அன்னிக்கே இடது கண்ணுல ஒண்ணும் தெரியல. பஸ்ஸுல புருசு கைய புடிச்சிக்கினுதான் ஏறினேன். வலதுலயும் வேர்வை படிஞ்ச கண்ணாடி மாதிரிதான் தெரியுது. சர்க்கரையால வந்ததாம். மெட்ராசு கண்ணாஸ்பத்திரியில லேசர் வெச்சாங்க, ஊசியும் போட்டாங்க. கண்ணுலயே ஊசி. நீயா இருந்தா அதுக்கும் ஒரு ஜோக்கு சொல்லியிருப்ப.

ஏழு பேர் சிரிச்சது எனக்குப் பெருசில்ல. உன் சிரிப்பு மட்டும் காதுல கீது.

குடத்த நீயே வெச்சிக்கோ. இனிமே எழுதாத.

செங்கேணி


திருப்புலிவனம்
1-7-2025

செங்கேணி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நான் என்றைக்கு உன் பேச்சைக் கேட்டேன்?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாவது தடவை ஞானதாஸ் "இன்னா எழுதியிருக்குது" என்றார். "குடம் வேணாமாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்பும் எரியவில்லை. அங்கேயே நின்றேன்.

என் வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நல்லது நடந்தாலும் ஜோக்கு, கெட்டது நடந்தாலும் ஜோக்கு. என் மாமியார் அடக்கத்தன்று போதகர் தடுக்கி விழுந்ததைப் பார்த்துச் சிரித்து, இன்றுவரை அந்தக் குடும்பத்தில் எனக்குத் தனித் தட்டு. பயம் வந்தால்தான் எனக்கு அதிகம் வாய் வரும். குழாயடியில் நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் ராணியம்மாளிடம் கேட்டேன். சர்க்கரைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் கண்ணுக்குள் படம் எடுக்க வேண்டுமாம். வெளியே பார்க்க நன்றாகத்தான் தெரியுமாம், உள்ளே கெட்டுக்கொண்டே இருக்குமாம். "உங்க ரெண்டு பேருக்கும் எத்தினி தபா சொன்னேன்" என்றாள். சொன்னாள்தான். அவள் போனபின் அவள் நடையை நடித்துக்காட்டி உன்னைச் சிரிக்கவைத்தது யார் என்று உனக்கே தெரியும்.

டாக்டர் வேறென்ன சொன்னார்? ஒரு வரி போதும்.

பிரிஸ்கில்லா


ஒரகடம்
19-7-2025

பிரிஸ்கில்லா,

ஒரு வரியில சொல்ல முடியாது. அதனாலதான் எழுதறேன், கோவம் தீந்துபோய் இல்ல.

வலது கண்ணுக்கு ஆபரேசன் பண்ணணுமாம். அதுக்கு முன்னாடி எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. தைராய்டு எண்பத்தி மூணு வந்திச்சி. நாலு, அஞ்சுக்குள்ள இருக்கணுமாம். டாக்டரம்மா என் மூஞ்சிய தொட்டுப் பாத்தாங்க. தூக்கம் வருதா, குளுருதா, முடி கொட்டுதா, குரல் மாறிச்சான்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. நீ என்ன கிண்டல் பண்ணது அத்தனையும் அந்தம்மா கேள்வியா கேட்டாங்க.

அப்பறம் ஃபைல்ல பழைய பேப்பர பாத்தாங்க. 2023 முகாம் பேப்பர். புருசு பத்தரமா எடுத்தாந்து குடுத்திருக்கான். அதுல தைராய்டு ரெண்டு, எல்லாம் சரின்னு போட்டிருக்குது. "ரெண்டு வருசம் முன்னாடி இவ்வளவு நல்லா இருந்தவங்களுக்கு எப்டி எண்பத்தி மூணு வரும்? லேபுல மாறியிருக்கும், மறுபடி எடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. மறு ரிப்போட்டு வர்ற வரைக்கும் தைராய்டு மாத்திரை இல்ல. ஆபரேசனும் இல்ல.

நான் ஒண்ணும் சொல்லல. நீயும் சொல்லாத.

செங்கேணி


திருப்புலிவனம்
23-7-2025

செங்கேணி,

சொல்லாதே என்றால் அந்த நாள் நடக்காமல் போய்விடுமா? உனக்கு ஞாபகம் இருப்பதும் எனக்கு ஞாபகம் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடலாம்.

2023, மார்ச் பதினேழு, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் சர்க்கரைக்காரர்களுக்கு முகாம். ரத்தத்தில் குறை இருப்பவர்களுக்கு மட்டும் கண் படம் எடுக்கிற வண்டிக்கு டோக்கன் என்று மைக்கில் சொன்னார்கள். நீ ஓட்டமாக வந்தாய். "ஒம்பது மணிக்குள்ள ஆஜர் போட்டோ ஏத்தணும்டி, இல்லன்னா முப்பது பேருக்கு நாள் போயிடும். நாஷ்டாவும் துன்னுட்டேன், வெறும் வயித்துலதான் எடுப்பாங்களாம். அடுத்த தபா பாத்துக்கறேன்" என்றாய்.

அடுத்த தபா பார்த்துக்கொள் என்று நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "உன் சர்க்கரைக் கார்டைக் குடு. எனக்கு லெந்து நோன்பு, வயிறு காலி. உனக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கப்போவுது? நான் உனக்காகக் குத்திக்கிறேன், நீ எனக்கு ஏரியில ஆஜர் போடு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே கார்டைக் கொடுத்தாய். கொடுத்தது நீ. கேட்டது நான்.

என் டோக்கனுக்கு இடது கையை நீட்டினேன். அரை மணி கழித்து முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு உன் டோக்கனுக்கு வலது கையை நீட்டினேன். அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவேயில்லை, நரம்பைத்தான் பார்த்தாள். "பேரு?" "செங்கேணி." இடது கை பிரிஸ்கில்லா, வலது கை செங்கேணி. இரண்டு பிஸ்கட் பொட்டலம் கிடைத்தது. சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து தின்றோம். "உன் ரத்தம் இனிப்பா இருந்திச்சாடி" என்று நீ கேட்டாய். வயிறு வலிக்கச் சிரித்தோம். நோன்புக் காலத்தில் இப்படிப் பொய் சொன்னேனே என்று ராத்திரி ஜெபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அதையும் பாதி சிரிப்போடுதான் சொன்னேன்.

பேப்பர் வந்தது. உனக்கும் எல்லாம் சரி, எனக்கும் எல்லாம் சரி. எப்படிச் சரியில்லாமல் போகும், இரண்டும் நான்தானே. கண் வண்டிக்கு இரண்டு பேரையும் கூப்பிடவில்லை.

டாக்டரிடம் சொல்லிவிடு. அந்தப் பேப்பர் பொய் என்று தெரிந்தால்தான் எண்பத்தி மூன்று உண்மை என்று தெரியும். உனக்குச் சொல்ல வாய் வராவிட்டால் எனக்கு வாய் இருக்கிறது. அது ஒன்றுதான் எனக்கு இருக்கிறது.

பிரிஸ்கில்லா


ஒரகடம்
29-7-2025

பிரிஸ்கில்லா,

உனக்கு இன்னா, சொல்லிட்டு பஸ் ஏறிடுவ. என் நெலமைய யோசிச்சியா? புருசு ஃபைல கையில வெச்சிக்கினு ஒவ்வொரு டாக்டர்கிட்டயும், "எங்கம்மா எல்லா டெஸ்டும் கரெக்டா எடுத்திருக்காங்க சார்"னு சொல்றான். அவன் கிட்ட போய் அது என் ரத்தமே இல்லடான்னு எப்டி சொல்வேன்? இல்லாதவள ஏரியில ஆஜர் போட்ட மேட்டுன்னு என் பேரு கெடணுமா?

நீ எல்லாத்தையும் உன் தலையில தூக்கி வெச்சிக்காத. அதுலயும் உனக்கு ஒரு பெருமதான். உனக்குத் தெரியாதது ஒண்ணு கீது. போன வருசம் ராணியம்மாள் என் மூஞ்சிய பாத்துட்டு, "செங்கேணி, தைராய்டுக்கு ரத்தம் எடுக்கணும், ஆஸ்பத்திரிக்கு வா"ன்னுச்சி. நான் உள்ள போய் அந்தப் பேப்பர எடுத்தாந்து காமிச்சேன். "எனக்குத்தான் எடுத்தாச்சே, எல்லாம் சரின்னு கீதே"ன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லலடி. அது உன் ரத்தம்னே எனக்கு மறந்துபோச்சி. பேப்பர்ல என் பேருதானே கீது. அத பாக்கற போதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லன்னு தைரியமா இருக்கும். காலு வீங்குனா எடுத்துப் பாப்பேன். தலை சுத்துனா எடுத்துப் பாப்பேன்.

மறு ரிப்போட்டு எண்பத்தி ஒண்ணு. இப்பவும் அந்தப் பேப்பர வெச்சி, திடீர்னு வந்ததுதான், நெறைய மாத்திரை குடுத்து சீக்கிரம் எறக்கிடலாம்னு பேசறாங்க. ஏறட்டும் எறங்கட்டும். நீ வராத. வந்தா கதவ தெறக்கமாட்டேன்.

செங்கேணி


திருப்புலிவனம்
4-8-2025

செங்கேணி,

கதவைத் திறக்கமாட்டேன் என்றாய். நான் தட்டவில்லை. ஆனால் வந்தேன்.

நேற்று முன்தினம் வாலாஜாபாத்தில் பஸ் மாறி ஒரகடம் வந்தேன். புருஷோத்தமனின் கம்பெனி வாசலில் டீக்கடையில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். நாலு டீ குடித்தேன், நாலும் சர்க்கரை போடாதது. ஷிப்ட் முடிந்து வந்தவன், "இன்னா அத்த, அம்மாவ பாக்க வந்தியா" என்றான். உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். இடது கை, வலது கை, பிஸ்கட், ஏரி ஆஜர், எல்லாம். ஒரு ஜோக்குகூட இல்லாமல் நான் முழுசாகப் பேசி முடித்தது அதுதான் முதல் தடவை. அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டிருந்தான். அப்புறம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். அதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று. கம்பெனிக்குப் போகும் முன்னால் உன் தெருவுக்கு வந்தேன். நீ வாசல் மேல்படியில் நின்று கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு கிளிப் கீழே விழுந்தது. நீ குனியவில்லை. காலால் தரையைத் தடவித் தேடினாய். கிளிப் உன் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது, பச்சை நிறக் கிளிப். நான் பத்தடியில் நிற்கிறேன். நீ நேராக என்னைப் பார்த்து, "யாரு?" என்றாய்.

என்ன வாய் இருந்து என்ன. அப்படியே திரும்பி நடந்துவிட்டேன்.

என்னைத் திட்டு. திட்டி ஒரு கடிதம் எழுது.

பிரிஸ்கில்லா


ஒரகடம்
28-9-2025

பிரிஸ்கில்லா,

எழுத நாளாச்சி. மருமவ அட்டையில வரிவரியா ஓட்ட வெட்டிக் குடுத்தா. அந்தச் சந்துல பேனாவ ஓட்டறேன். எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருந்தா நீயே பிரிச்சிப் படிச்சிக்கோ.

புருசு திட்டல. ஆஸ்பத்திரி பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்து அழுதான். அது திட்டறத விட மோசம். டாக்டரம்மா அந்தப் பழைய பேப்பர ஃபைல்ல இருந்து எடுத்துட்டாங்க. வருசக்கணக்கா கவனிக்காம உட்ட தைராய்டு, மொத்தமா மாத்திரை குடுத்தா இதயம் தாங்காதுன்னு இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தாங்க. அதுலயும் கோளாறு இருந்திச்சி. கால் மாத்திரையில ஆரம்பிச்சி மெதுவா ஏத்தினாங்க. "அந்தம்மா வந்து சொல்லலன்னா வேற மாதிரி ஆயிருக்கும்"னாங்க. அது நீதான். தெரிஞ்சிக்கோ. அதனால கோவம் போயிடுச்சின்னு நெனைக்காத.

போன வாரம் வலதுல ஆபரேசன் ஆச்சி. கைய ஆட்டுனா தெரியுது. மூணு விரல காமிச்சாங்க, மூணுன்னேன், சரின்னாங்க. மூஞ்சி தெரியல, இனிமே தெரியாதாம். இடது முடிஞ்சிபோச்சி. டார்ச் அடிச்சாலும் இருட்டு.

நான் ஒரு கேள்வி கேட்டேன். அன்னிக்கு என் ரத்தம் போயிருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமான்னு. "சொல்ல முடியாதும்மா. சர்க்கரைதான் வேரு, தைராய்டு அதுமேல ஏறி உக்காந்திச்சி. எதால எவ்ளோ கெட்டுதுன்னு பிரிக்க முடியாது. ஆனா கண் வண்டிக்கு டோக்கன் கெடைச்சிருக்கும்"னாங்க. அவ்ளோதான். வெச்சிக்கோ, பாதி உனக்கு, பாதி எனக்கு.

அன்னிக்குத் தெருவுல நின்னது நீதான்னு அப்பவே தெரியும். உன் மூச்சு கரும்பு மிஷின் மாதிரி கேக்காதா? நீ பேசுவன்னு பாத்தேன். பேசாம போனதும்தான் எனக்கே பயம் வந்திச்சி, பிரிஸ்கில்லாவே பேசாம போறான்னா நம்ம நெலம அவ்ளோதான்னு.

நீ உன் கண்ண காமிச்சியா? எனக்கு டோக்கன் வராத அதே நாளுதான் உனக்கும் வரல. காமிச்சிட்டுதான் அடுத்த கடுதாசி போடணும். மருமவ நல்லவதான், ஆனா உன் கடுதாசிய ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி படிக்கறா. எருமை ஆஜர் ஆனத படிச்சா, ஒருத்தரும் சிரிக்கல.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறத தவுத்து படி எறங்கி ரெண்டு மாசம் ஆச்சி. பகல்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க. எனக்குத் தனியா எறங்க பயமா கீது.

செங்கேணி


திருப்புலிவனம்
5-10-2025

செங்கேணி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கொண்டுவந்து உன் எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறேன். சபையில் வேதபாடம் வாசிக்கிறவள், திக்கமாட்டேன். நடுவில் சத்தம் நின்றால் கடிதம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கண்ணாடி துடைக்கிறேன் என்று வைத்துக்கொள்.

கண்ணைக் காட்டிவிட்டேன். காஞ்சிபுரத்தில். சொட்டு மருந்து போட்டு ஒரு மணி நேரம் மூடி உட்காரவைத்தார்கள். திறந்தால் எல்லாம் புகை. ஞானதாஸ் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இருபத்தாறு வருஷத்தில் அவர் கையைப் பிடித்துத் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு வெட்கம். எனக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் புகை. அதற்குள் இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டேன்.

இரண்டு கண்ணிலும் சின்னச் சின்னப் புள்ளி இருக்கிறதாம். ஆரம்பம்தானாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் காப்பாற்றிவிடலாமாம். தைராய்டும் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. என் ரத்தம் மறுபடியும் நல்ல ரத்தம் என்று வந்திருக்கிறது. அந்தப் பேப்பரைக் கையில் வாங்க வெட்கமாக இருந்தது. டாக்டர், "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. யாரு அனுப்பிச்சாங்க?" என்றார். "செங்கேணி" என்றேன். "எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே வேறொன்றாக மாறிவிட்டது. நர்சு பஞ்சு கொடுத்தாள்.

குழாயடியில் அந்த ஏழு பேரிடமும் சொல்லிவிட்டேன். யார் கண்ணில் முடி தொங்கினாலும், யார் முகம் ஊதினாலும் சிரிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். நான் ஜோக்கு சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். என் பேர் அப்படி. சசிரேகாவிடமும் சொன்னேன், அந்த மார்ச் மாதத்தில் ஒரு நாள் நான் ஏரிக்கு வராமலே ஆஜர் ஆனேன் என்று. "ஏன்க்கா, இப்ப போய் இத சொல்ற" என்றாள். தெரியவில்லை. இந்த மாதிரி பொய்யை இனிமேல் சுமக்க முடியவில்லை.

பாதி பாதி என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பும்போது பனைமரம் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை. இதைப் பாதியாக எப்படி வெட்டுவது? ஆகையால் கோபத்தை விட்டுவிடாதே, வைத்திரு. இனி புதன்கிழமைதோறும் வருவேன். பஸ்ஸில் வரும்போதே ஊர் வம்பு முழுக்கச் சேர்த்துக்கொண்டு வருவேன். பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள், எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்கும்.

குடத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். உன் காலடியில் சத்தம் கேட்டதே, அதுதான்.

இப்போது எழுந்திரு. முகாமில் வலது கை உன் பேரில்தான் எழுதப்பட்டது. அதை இன்னும் யாரும் மாற்றி எழுதவில்லை. அதனால் அது உன் கைதான். வாசலில் மூன்று படி இருக்கிறது. பிடித்துக்கொண்டு இறங்கு.